முத்துக்கு ஆகாத மரம்

அன்று காலை, முதல் ஜாடியின் மூடியைத் திருகித் திறந்து மூக்கருகே கொண்டுபோனபோது அவளுக்கு ஒன்றுமே வரவில்லை.

மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டிருப்போம், வாசனை வெளியே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தாள். அதில் இருந்தது தேவதாருத் துண்டு. தேவதாருவை யாரும் முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை, மூடி பாதி கழலும்போதே அது முகத்தில் வந்து விழும். விழவில்லை. மூன்றாவதில் ஓக். நான்காவதிலும் ஓக். ஜன்னல் மேடையில் ஜாடிகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்க, அவள் வெறும் காற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் பட்டறைக்கு வந்திருந்தாள். சளி இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது என்று மூக்கைச் சிந்திப் பார்த்தாள். சளி இல்லை. மூச்சு தாராளமாகப் போய்வந்தது. அதுதான் அவளை உலுக்கியது. கதவு திறந்திருக்கிறது, வரவேண்டியவர்கள்தான் வரவில்லை.

பக்கத்து அறைக்குப் போய் டர்பன்டைன் டப்பாவைத் திறந்து குனிந்தாள். கண் எரிந்து நீர் கொட்டியது. மூக்கு தன் பாட்டுக்குச் சும்மா இருந்தது.

"என்ன மூக்கம்மா, காய்ச்சல் விட்டதும் இதைக் குடிக்கிற ஆசை வந்துடுச்சா?" என்றார் பாலிஷ்காரர், மடித்த துணியால் ஒரு மூடியைத் தேய்த்தபடி.

"டப்பா நிறைய இருக்கான்னு பார்த்தேண்ணே."

"இருக்கா?"

"நிறைய இருக்கு" என்றாள். டப்பாவின் அடியில் ஒரு விரல்கடைதான் இருந்தது என்பது திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது.

தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். மேஜையில் வெல்வெட் துணி, கத்தரிக்கோல், பசைக் கிண்ணம், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அவள் மட்டும்தான் வைத்த இடத்தில் இல்லை.

அந்தப் பட்டறையில் நகைப்பெட்டி தவிர வேறெதுவும் செய்வதில்லை. முன்பக்கம் கடை. அதை அவள் நாத்தனார் பார்த்துக்கொண்டார். நடு அறையில் அவள் மேஜையும் ஜன்னலும். அதையொட்டி பாலிஷ் அறை. அதற்குப் பின்னால் கணவனின் தச்சு மேடை. கடைசியில் மரம் அடுக்கிய கொட்டகை. நகைப்பெட்டிக்கு எந்த மரமும் ஆகும் என்று நினைப்பவர்கள் நகையைப் பார்த்திருப்பார்கள், மரத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஈட்டி மரம் கனம், வளையலாக அடுக்கினாலும் அடித்தட்டு அசையாது, ஆனால் பெட்டியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். மகோகனி சாது, வெயிலுக்கும் மழைக்கும் முறுக்கிக்கொள்ளாது. வால்நட் பார்வைக்கு ராஜா. தேவதாரு பூச்சியை அண்டவிடாது, அதற்குக் கூலியாகத் தன் எண்ணெயைக் கல் நகைமேல் மங்கலாகப் பூசிவிடும். இவ்வளவும் இருக்க, வருகிறவர்கள் விழுந்து விழுந்து கேட்பது ஓக். அதன் ரேகை அப்படி. மையத்திலிருந்து ஆரக்கால்போல அறுத்தால் மரத்துக்குள் மின்னல் அடித்து அப்படியே நின்றுவிட்டதுபோல இருக்கும்.

ஆனால் ஓக் மூச்சு விடும். மூடிய பெட்டிக்குள் புளித்த மூச்சு. தங்கம் அதைச் சட்டை செய்யாது. வெள்ளி கறுத்தால் துடைத்துக்கொள்ளலாம். முத்து அப்படியில்லை. அது கல் அல்ல, சிப்பியின் உடம்பில் விளைந்தது. புளிப்பு பட்டால் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகும், போன பளபளப்பை எந்தக் கொம்பனாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதற்காகத்தான் ஜாடிகள். வந்திறங்கும் ஒவ்வொரு பலகையிலிருந்தும் உள்ளங்கையளவு துண்டு அறுத்து, ஜாடியில் போட்டு, இறுக மூடி, ஒரு நாள் முழுக்க ஜன்னல் வெயிலில் வைப்பார்கள். மறுநாள் அவள் திறந்து முகர்வாள். நல்லதென்றால் ஜாடி நின்றபடியே இருக்கும். புளிப்பென்றால் அதைக் கவிழ்த்து வைப்பாள். கவிழ்ந்த ஜாடிக்குரிய பலகையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி விழும். பிறகு அது கொட்டகைக்குப் போய்விடும், முக்காலிக்கோ கத்திப்பிடிக்கோ அடுப்புக்கோ.

கல்யாணமாகி வந்த புதிதில், கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு மதியம் தொடங்கிய விஷயம் இது. அறுத்துக் கிடந்த இரண்டு துண்டுகளில் ஒன்றை எடுத்து, "இது ஏன் புளிச்ச வாடை அடிக்குது?" என்று கேட்டுவிட்டாள். "மரத்துக்கு மர வாடைதான் அடிக்கும்" என்று அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, விளையாட்டாக அவள் கண்ணைத் துணியால் கட்டி, ஒரே மாதிரி இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினான். அவள் புளித்ததை ஒருபக்கம், புளிக்காததை மறுபக்கம் பிரித்துக்கொண்டே வந்தாள். கலைத்துவிட்டு மறுபடி நீட்டினான். மறுபடி அதே பிரிப்பு. கட்டை அவிழ்த்தபோது எதிரே நாத்தனார் நின்றார், அவர் பின்னால் பெட்டி வாங்க வந்த ஒரு அம்மாள் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நாத்தனாரின் வாயில் ஒரு வசனம் ஏறிக்கொண்டது: "எங்க தம்பி பொண்டாட்டி மோந்து பார்க்காத மரத்துல நாங்க பெட்டி செய்யறதே இல்லைங்க."

பிறந்த வீட்டில் அவள் மூன்றாவது பெண். மூத்தவள் அழகி, இரண்டாமவள் படிப்பாளி, பிறகு "இன்னொண்ணும் இருக்கு" என்று சொல்லப்படுகிற இடம் அவளுடையது. அந்த இன்னொண்ணுக்கு ஒரு மூக்கு இருப்பது தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூக்குக்காக அவள் வாசனை சோப்பை விட்டாள். பவுடரை விட்டாள். ஜாடி திறக்கும் நாளில் மதியம் வரை வெங்காயம் நறுக்கமாட்டாள். அக்காக்களின் வீட்டு விசேஷத்துக்குப் போனால் சென்ட் அடித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க வருகிறவர்களிடம் கையை மட்டும் நீட்டுவாள். திமிர் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள். தன்னிடம் ஒன்று இருப்பதற்காகத் திமிர்கொள்வது அவளுக்குப் புதிதாகவும் இனிப்பாகவும் இருந்தது.

இப்போது அது இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று தள்ளிப்போட்டாள். காலையில் பால் தீய்ந்து புகை கண்ணில் பட்ட பிறகுதான் ஓடினாள். மற்றவர்கள் மூக்கைச் சுளித்தால் தானும் சுளித்துக்கொண்டாள். ஜாடி நாள் வரும்போது, முன்போலவே முகம் கழுவி, கண்ணை மூடி, மூடியைத் திருகி, வெறுமையை நெஞ்சு நிறைய இழுத்து, பிறகு மனதுக்கு வந்ததைச் செய்தாள். ஒன்றை நிறுத்தினாள், ஒன்றைக் கவிழ்த்தாள். எல்லாவற்றையும் நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று கணக்குப் போட்டுக் கவிழ்த்தாள். கவிழ்க்கும்போது உதட்டை லேசாகப் பிதுக்குவது தன் வழக்கம் என்பது ஞாபகம் வந்து, அதையும் செய்தாள். தன்னைப் போலவே நடித்துக்கொண்டிருந்தாள்.

அவளை ஆட்டியது, யாரும் கண்டுபிடிக்காததுதான். இவ்வளவு பெரிய வேலையை ஒருத்தி குருட்டாம்போக்கில் செய்கிறாள், பட்டறையில் ஒரு ஆணிகூட இடம் மாறி விழவில்லையே? கணவன் வழக்கம்போல ஜாடிகளைப் பார்த்தான், தலையாட்டினான், பலகைகளில் குறி போட்டான். பெட்டிகள் உருவாயின, பாலிஷ் ஏற்றிக்கொண்டன, அவள் கையாலேயே வெல்வெட் ஒட்டப்பட்டு வெளியே போயின. ஒவ்வொரு பெட்டி போகும்போதும் எந்த முத்து எந்த வீட்டில் செத்துக்கொண்டிருக்கப் போகிறதோ என்று அவள் அது தெருத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நாத்தனார் உள்ளே வந்து, "அடுத்த சுமை ஓக் வந்திருக்கு. எல்லாம் முத்து மாலைப் பெட்டிக்குத்தான். கண்காட்சிக்குன்னு ஒருத்தர் மொத்தமா கேட்டிருக்கார். பார்த்துச் சொல்லு" என்றார்.

மறுநாள் ஜாடிகளின் முன்னால் நின்றபோது அவளுக்குக் கை வரவில்லை. ஜாடியை நிற்கவிட்டால் பாவம். சொன்னால் தான் பழையபடி இன்னொண்ணு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து தெரிந்தது. ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். மேடை முழுக்க ஜாடிகள் தலைகீழாக நின்றன.

இப்படி நடந்ததே இல்லை. ஒரு சுமை மரம் முழுவதையும் தள்ளுவதென்றால் வீடு ரெண்டாகும். அவன் கத்துவான். இன்னொரு தடவை பாரு என்பான். அப்போது சொல்லிவிடலாம். அவன் கத்துகிற கத்தலில் தன்னால் உண்மையைச் சொல்லிவிட முடியும் என்று நினைத்தாள்.

அவன் வந்தான். ஜாடிகளைப் பார்த்தான்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"சரி" என்றான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். 'சரி' என்ற அந்தச் சொல் காதுக்குள் போய், இறங்க இடம் தெரியாமல் சுற்றியது. மனிதன் செருப்புவார் அறுந்தால்கூட இதைவிடக் கொஞ்சம் வருத்தப்படுவான். சிறிது நேரம் கழித்துப் பின்பக்கமிருந்து இழைப்புளிச் சத்தம் கேட்டது. இன்றைக்கு இழைப்பதற்கு மரமே கிடையாதே?

தச்சு மேடைக்குப் போகும் வாசலில் நின்று பார்த்தாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மேடையில் ஒரு ஓக் பலகை, அதன்மேல் அப்போதுதான் போட்ட பெருக்கல் குறி. இழைப்புளியை ஒருமுறை நீளமாக ஓட்டினான். சீவல் சுருண்டு வந்து அவன் காலடியில் விழுந்தது, குறியின் ஒரு கை அதில் வெள்ளையாகத் தெரிந்தது. இன்னொரு ஓட்டு. குறி போய்விட்டது. பலகையை எடுத்து நல்ல மரம் அடுக்கும் பக்கம் சாய்த்துவிட்டு அடுத்ததை எடுத்தான். ஒளிவுமறைவு இல்லை, அவசரம் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக இருந்தான். வாயில் ஏதோ பாட்டு வேறு.

"என்னங்க பண்றீங்க?"

திரும்பினான். திருடன் திரும்புவதுபோலக்கூட இல்லை.

"இழைக்கிறேன்."

"அது நான் வேணாம்னு சொன்ன பலகை."

அவன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அப்போதுதான் அவன் முகம் மாறியது.

"ஏம்மா... நீ வேணாம்னு சொன்னதையெல்லாம் அடுப்புல வச்சிருந்தா, இந்நேரம் கடையைப் பூட்டிட்டு ஆளுக்கொரு பக்கம் வேலை தேடிப் போயிருக்கணும்."

"எத்தனை நாளா?"

அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"எத்தனை நாளான்னு கேக்கறேன்."

"எப்பவுமே இப்படித்தான்" என்றான் அவன், மிகவும் மெதுவாக.

அவளுக்குக் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. அவன் உதடு அசைவது தெரிந்தது, சொற்கள் விட்டுவிட்டு வந்து சேர்ந்தன. முதல் தடவை கண்ணைக் கட்டிச் சொன்னபோது அவனே மிரண்டுபோனானாம். ஆனால் மூக்கை நம்பி மரம் தள்ள முடியுமா? அவனுக்குத் தெரிந்த கணக்கு வேறு. "ஈரம் இருக்கிற வரைக்கும்தான் புளிப்பு. ஒவ்வொரு பலகையையும் தராசுல நிறுத்துப் பார்க்கறேன் இல்ல? எடை குறையறது நின்னா ஈரம் போச்சுன்னு அர்த்தம். ஈரம் போனா புளிப்பும் போச்சு. எங்கப்பா அப்படித்தான் பண்ணாரு."

"அப்ப நான் எதுக்கு?"

"அக்காதான்... வர்றவங்களுக்கு அது பிடிக்குதுன்னு..."

அக்கா என்ற சொல்லைக் கேட்டதுபோல நாத்தனாரே வந்து நின்றார். நிலைமையைப் பார்த்ததும், "சொல்லித் தொலைச்சிட்டியா?" என்று தம்பியைத்தான் முறைத்தார். பிறகு இவளிடம், "இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? உனக்கு ஒரு மரியாதை இருக்கட்டும்னுதானே. ஊர்ல எந்த மருமகளை இப்படி ஜாடி முன்னாடி ராணி மாதிரி நிக்க வச்சிருக்காங்க?"

"பாலிஷ் அண்ணனுக்கும் தெரியுமா?"

பாலிஷ் அறையிலிருந்தே பதில் வந்தது. "தெரியும், மூக்கம்மா. ஆனா நான் ஒருநாளும் கிண்டல் பண்ணதில்லை." துணி தேய்க்கும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. "சரி, கொஞ்சம் பண்ணியிருக்கேன்."

மூக்கம்மா. அந்தப் பெயரை அவள் இவ்வளவு காலம் ஒரு பதக்கத்தைப்போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்திருந்தாள்.

தனக்கு வாசனை போய்விட்டது என்பதை அவள் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் உன்னிடம் அது இருந்ததே இல்லை என்று இப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறார்கள். இல்லாத பொருள் தொலைந்துவிட்டதென்று யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? வாயை மூடிக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

அதன் பிறகு அவள் ஜாடிகளைத் தொடவில்லை. வெல்வெட்டை வெட்டினாள், பசை தடவினாள், மூலைகளில் சுருக்கம் விழாமல் கட்டைவிரலால் அழுத்தினாள். கணவன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒருநாள் வாசனை சோப்பு ஒன்று வாங்கி வந்து, "இனிமே தாராளமா போட்டுக்கலாமே" என்று நீட்டினான். நல்ல எண்ணத்தில்தான். அவள் அதைக் குளியலறையில் வைத்துவிட்டு, வெளியே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டுக்கொண்டாலும் தெரியப்போவதில்லை.

கடையில் வேலை நிற்கவில்லை. வாடிக்கையாளர் வந்தால் நாத்தனாரே ஜாடியைத் திறந்து முகர்ந்தார். கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, "ஆஹா" என்றார். அந்தத் தலைச் சாய்ப்பு அப்படியே இவளுடையது. உள்ளே உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது இவளுக்கு முகம் சுட்டது. நானும் இப்படித்தான் இருந்தேனா? வந்தவர்கள் எல்லோரும் ஒரு வேடிக்கைக்குக் கைதட்டினார்களா?

அதைவிட மோசமானது, தனியாக இருக்கும்போது வந்த கேள்வி. நான் உண்மையிலேயே எதையாவது முகர்ந்தேனா? அந்தப் புளிப்பை நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். பார்த்ததை நினைக்கலாம், கேட்டதை நினைக்கலாம். வாசனைக்குப் பிடித்து இழுக்கக் கைப்பிடி இல்லை. கவிழ்ந்த ஜாடிகள் நினைவுக்கு வந்தன, உதட்டைப் பிதுக்கியது வந்தது, புளிப்பு மட்டும் வரவில்லை. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரி. ஒரு மதியம் தற்செயலாகச் சரியாகச் சொன்னதை வைத்துக்கொண்டு, பாதி ஆயுளை ஒரு ஜாடிக்குள் அடைத்து வெயிலில் வைத்திருக்கிறேன்.

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் பல் டாக்டரம்மா கடைக்கு வந்தார். முன்பு பெட்டி வாங்கியவர், இரண்டு தெரு தள்ளி மருத்துவமனை வைத்திருப்பவர். கையில் அவர்கள் செய்த பெட்டி. வழக்கமாகக் கலகலவென்று பேசுகிறவர், அன்று பெட்டியை நாத்தனார் முன்னால் வைத்துவிட்டு, அதன்மேலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

"எங்கம்மாவோட முத்து மாலைங்க. விசேஷத்துக்கு மட்டும்தான் எடுப்பேன். நேத்து எடுத்தேன்... நீங்களே பாருங்க. நான் ஏதாவது தப்பா துடைச்சுட்டேனா?"

நாத்தனார் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்து, இவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

முத்துக்கள் வெளுத்திருந்தன. வெண்மை அல்ல, வெளுப்பு. பார்வை போன கண்ணைப்போல ஒவ்வொன்றும் ஒளியை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் கிடந்தது. கல்யாணப் படத்தில் தாயின் கழுத்தில் இந்த மாலை எப்படி ஜொலித்தது என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனார், "சென்ட் பட்டிருக்கும். வேர்வைகூட ஆகாதுங்க முத்துக்கு" என்று ஆரம்பித்தார்.

இவள் அதையெல்லாம் கேட்கவில்லை. பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓக். ரேகைகளுக்கு நடுவில் ஒரு கரிய கணு, மாறுகண் வைத்துப் பார்ப்பதுபோல ஓரமாகச் சாய்ந்திருந்தது. இந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். இந்தப் பலகை வந்தபோது, "மாப்பிள்ளை மாறுகண்ணு" என்று பாலிஷ்காரர் சிரித்தார். அதன் துண்டு இருந்த ஜாடியைத் திறந்தபோது புளிப்பு மூக்கைத் தாண்டிப் பல்லில் போய் நின்றது. பல் கூசி, ஜாடியைக் கிட்டத்தட்டக் கீழே போட்டாள். வேணாம், வேணவே வேணாம், இதைத் தொடாதீங்க என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமா, துக்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அதுல வைக்காதீங்கம்மா. வெளிய எடுங்க முதல்ல" என்றாள்.

நாத்தனாரின் கண்கள் அவளை எச்சரித்தன.

"சென்ட்டும் இல்லை, வேர்வையும் இல்லை. நீங்க ஒரு தப்பும் பண்ணலை. எங்க பெட்டிதான். இது முத்துக்கு ஆகாத மரம்."

டாக்டரம்மா அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரிஞ்சேவா செஞ்சீங்க?" என்றார் கடைசியில். கோபம்கூட இல்லாமல் கேட்டதால் அந்தக் கேள்வி இன்னும் ஆழமாக இறங்கியது.

அதற்குள் கணவன் உள்ளேயிருந்து வந்திருந்தான். எதுவும் கேட்காமல் மாலையை எடுத்து ஒரு முத்தைக் கட்டைவிரலால் நீவினான். விரலை வெளிச்சத்தில் பார்த்தான். விரல் நுனியில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. பிறகு மூடியைப் பார்த்தான். மாறுகண் அவனையும் பார்த்தது. அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் கண்ணால் கண்டாள்.

"இதை நான் ஆறு மாசம் நிறுத்து நிறுத்துப் பார்த்தேனே. சொட்டு ஈரம் இல்லையே" என்றான், யாரிடம் என்றில்லாமல். "காஞ்ச மரம்மா இது. காஞ்ச பிறகுமா?"

மாலையைப் பருத்தித் துணியில் சுற்றி டாக்டரம்மாவின் கையில் கொடுத்தது அவள்தான். டாக்டரம்மா பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வாசல்வரை போனவர் நின்று, "எங்கம்மாகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார். அம்மா இருக்கிறாரா இல்லையா என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கணவன் அவள் கையைப் பற்றினான். ஆட்கள் முன்னால் ஒருநாளும் தொடாதவன், மணிக்கட்டை இறுகப் பிடித்து நடு அறையைத் தாண்டிக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே கண்காட்சிக்குப் போகக் காத்திருந்த பெட்டிகள் இரண்டு அடுக்காக நின்றன. எல்லாம் ஓக். எல்லாம் குறி இழைத்த மரம்.

"மோந்து பாரு" என்றான். முதல் பெட்டியைத் திறந்து இரு கைகளாலும் அவள் முகத்துக்கு நேரே ஏந்தினான். "எது எதுன்னு மட்டும் சொல்லு. நீ வேணாம்னா இங்கேயே உடைச்சுடறேன். அக்கா என்ன சொன்னாலும் சரி. சொல்லும்மா."

இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் உண்மையாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவள் பெட்டிக்குள் முகத்தைக் கொண்டுபோனாள். கண்ணை மூடி, உடம்பையெல்லாம் மூக்காக்கி இழுத்தாள். காற்று குளிர்ச்சியாக உள்ளே போயிற்று, குளிர்ச்சியாக வெளியே வந்தது.

"எனக்கு வாசனை தெரியாதுங்க."

"கோவத்துல பேசாதே. நான் பண்ணது தப்புதான்..."

"கோவம் இல்லை. மூக்கு போயிடுச்சு. அந்தக் காய்ச்சலோட போனது, இன்னும் வரலை."

அவன் பெட்டியை ஏந்தியபடியே நின்றான். சொன்னது உள்ளே போவதற்கு நேரம் பிடித்தது.

"அப்ப... அன்னைக்கு எல்லா ஜாடியையும் கவுத்தியே?"

"பயத்துல கவுத்தேன்."

"அதுக்கு முன்னாடி? இந்த மாறுகண்ணு பலகை?"

"அது நான் மோந்தது."

அவன் மரச்சீவல் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காய்ச்சலில் கிடந்தவளுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டவன், கஞ்சி ஊட்டியவன், அதன் பிறகு எத்தனையோ நாள் பக்கத்தில் படுத்து எழுந்தவன். "எனக்குத் தெரியவேயில்லையே" என்றான். மற்றவர்களின் மூக்கு வேலை செய்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

அவன் எழுந்து, பெட்டியைத் தன் முகத்தருகே கொண்டுபோனான். முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான்.

"புளிப்புன்னா எப்படி இருக்கும்?"

"எப்படிச் சொல்றது... மூக்குல நிக்காது. பல்லுக்குப் போகும். பல் கூசும்."

"மர வாடைதான் அடிக்குது."

"அவசரப்படாதீங்க. வாயை மூடிக்குங்க. மெதுவா இழுங்க. முதல்ல வர்றது பாலிஷ், அதை விட்டுடுங்க. அதுக்குப் பின்னாடி பாருங்க."

அவன் சொன்னபடி செய்தான். இல்லை என்று தலையசைத்தான். அடுத்த பெட்டி. அதிலும் இல்லை. இதற்கெல்லாம் முன்பு சிரித்திருப்பான். இப்போது ஒரு மாணவனுக்குரிய பயத்தோடு ஒவ்வொன்றாகத் திறந்து, நெற்றி சுருங்க, மெதுவாக இழுத்தான். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இனி இருக்கிற ஜாடி அது ஒன்றுதான் என்று தோன்றியது.

மேலடுக்கு முடிந்து கீழடுக்கில் ஒன்றைத் திறந்தான். இழுத்தான். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அவன் தாடை சட்டென்று இறுகியது, கண் சுருங்கியது, எலுமிச்சையைக் கடித்தவன்போல உதடு பின்னுக்கு இழுத்துக்கொண்டது. பெட்டியைத் தூரப் பிடித்தான். திறந்த வாயோடு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"இதுவா?" என்றான். குரல் எழும்பவில்லை. "இதையா நீ சொல்லிட்டே இருந்தே?"

அவள் தலையசைத்தாள். பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கித் தலைகீழாகத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.